கடவுச்சொல் நோட்டு

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் என் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், டி.டி.பி., ஸ்பைரல் பைண்டிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று பலகையில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே இருந்த ‘திருமண அழைப்பிதழ்’ என்ற வரியை வெயில் தின்றுவிட்டது. 2006இல் ஒரு கணினி, ஒரு பிரிண்டரோடு தொடங்கினேன். இப்போது நான்கு கணினிகள். என் மேசை இழுப்பறையில் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று கிடக்கிறது. பக்கத்துக்கு இருபது பேர் வீதம் மாணவர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் எல்லாம் அதில் என் கையெழுத்தில் இருக்கின்றன.

இதை வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அது எப்படிச் சேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடிவு வந்த வாரம் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கு மின்னஞ்சல் கட்டாயம். அவர்களிடம் இருக்காது, அல்லது இருக்கும், கடவுச்சொல் மறந்திருக்கும். “அக்கா, நீங்களே ஒன்று போட்டுக் கொடுத்துவிடுங்கள்.” வரிசையில் பின்னால் முப்பது பேர். பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து ஒரு முகவரி, பெயரோடு 123 சேர்த்து ஒரு கடவுச்சொல். வீட்டுக் கைபேசி அப்பாவிடம் வேலை செய்கிற ஊரில் இருந்தால், மீட்பு எண்ணுக்குக் கடையின் எண்ணையே கொடுத்துவிடுவேன். மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கிய பிறகும், அந்த முகவரிக்கு வந்த நேர்காணல் கடிதத்தைத் திறக்க அதே பிள்ளை என்னிடம்தான் வரும். படித்தது அவர்கள், சாவி என் இழுப்பறையில்.

வேறு எந்தத் தொழிலில் இருந்தாலும் இதைக் கவனித்திருக்க மாட்டேன். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவா வேண்டும், கைபேசியோடு பிறந்தவர்கள்’ என்று ஊரோடு சேர்ந்து நானும் சொல்லியிருப்பேன். 2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் அவர்களை டிஜிட்டல் உலகின் மண்ணின் மைந்தர்கள் என்கிற பொருளில் எழுதிவைத்தார். அந்தப் பேச்சு உலகம் சுற்றி எங்கள் ஊர் ஆசிரியர்கள் வாயிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. என் கடைக்கு ஒரு மே மாதம் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பாட்டுக்கு ஏற்றபடி வீடியோவை வெட்டி ஒட்டுகிற அதே விரல்கள், ஒரு கையெழுத்துப் படத்தை 50 கே.பி.க்குள் சுருக்கத் தெரியாமல் என் முன்னால் நிற்கும்.

இதற்கு ஆங்கிலம்தான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மைதான். சில அரசு இணையதளங்களில் தமிழைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ‘சமர்ப்பி’ என்ற பொத்தானைப் பார்த்து, ‘இதை அழுத்தினால் என்ன ஆகும் அக்கா?’ என்று கேட்ட தமிழ் இலக்கிய மாணவனை எனக்குத் தெரியும். அவன் கேட்டது சொல்லின் பொருளை அல்ல. அழுத்தினால் திரும்ப முடியுமா, கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதைத்தான் கேட்டான்.

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் கல்வியியல் ஆய்வாளர் ஒருவர் தன் வினாத்தாளைத் தமிழில் தட்டச்சு செய்யக் கொண்டுவந்தார். கணினித் திறனுக்கும் மாணவர்களின் தன்னம்பிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்பது அவருடைய தலைப்பு. தட்டச்சு செய்பவர்கள் பொதுவாக எழுத்தைத்தான் பார்ப்போம், பொருளைப் பார்க்க மாட்டோம். ஆனால் அன்று மழை, கடையில் ஆளில்லை. வாசித்துக்கொண்டே அடித்தேன்.

அதில் பத்துக் கேள்விகள் ஒரு கொத்தாக இருந்தன. டெபோரா காம்போ, கிறிஸ்டோபர் ஹிக்கின்ஸ் என்ற இருவர் 1995இல் உருவாக்கிய அளவுகோல் என்று அவர் சொன்னார். கேள்விகள் எளிமையானவை. நீங்கள் பார்த்தே இராத ஒரு மென்பொருளைக் கொடுத்து ஒரு வேலையை முடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் சொல்லித்தர யாருமே இல்லாவிட்டால் முடிப்பீர்களா? கையேடு மட்டும் இருந்தால்? வேறொருவர் செய்வதை முன்பு பார்த்திருந்தால்? சிக்கினால் கூப்பிட ஒருவர் இருந்தால்? தொடங்கி மட்டும் வைத்துவிட்டால்? நிறைய நேரம் கொடுத்தால்? ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு நம்பிக்கை என்று குறிக்க வேண்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களை இத்தனை வருடமாக நான் பிரித்துவைத்திருந்ததும் இந்த வரிசையில்தான். ‘தொடங்கி மட்டும் கொடுங்கள்’ என்கிறவர்கள், ‘பக்கத்தில் நில்லுங்கள் போதும்’ என்கிறவர்கள், ‘எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுங்கள், எவ்வளவு?’ என்கிறவர்கள். மூன்றாவது வகையினரால்தான் என் கடை ஓடுகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அச்சடித்த வினாத்தாள்களில் ஒரு கட்டைக் கடையில் வைத்துவிட்டுப் போனார், வருகிற மாணவர்களிடம் கொடுக்கச் சொல்லி. ஒரு பையன் என் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாக் கேள்விகளுக்கும் ஒன்பது, பத்து என்று குறித்தான். குறித்து முடித்துவிட்டு, “அக்கா, என் உதவித்தொகை விண்ணப்பத்தை நீங்களே போட்டுவிடுங்கள், எனக்கு இதெல்லாம் பொறுமை கிடையாது” என்று கைபேசியை நீட்டினான். அவனுக்கு அடுத்து வந்த பெண் எல்லாவற்றுக்கும் மூன்று, நான்கு என்று போட்டாள். அவளோ தன் விண்ணப்பத்தை வீட்டிலேயே நிரப்பி முடித்து, பிரிண்ட் எடுக்க மட்டும் வந்திருந்தாள். இது எங்கள் ஊர் விசித்திரம் மட்டுமல்ல என்று அந்த ஆய்வாளரே பிறகு சொன்னார். எஸ்தர் ஹர்கிட்டை, ஸ்டீவன் ஷேஃபர் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் வேலை செய்யச் சொல்லிச் சோதித்தபோது ஆண்களுக்கும் பெண்களுக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லையாம். உங்கள் திறமை எவ்வளவு என்று கேட்டபோது மட்டும் பெண்கள் தங்களைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். நம்பிக்கை என்று தாளில் வருகிற எண்ணில் திறமை எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் சராசரி போட்டால் என்ன கிடைக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, வழிகாட்டியிடம் கேட்கிறேன் என்றார்.

தாளில் மூன்று, நான்கு என்று குறித்த அந்தப் பெண்ணைப் பற்றித்தான் உண்மையில் எழுத நினைத்தேன்.

பென்னாகரம் பக்கம் ஊர். 2020இல் பிளஸ் டூ முடித்துவிட்டு அம்மாவோடு வந்தாள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இந்தச் சான்றிதழுக்கு வருகிறவர்கள் ஏராளம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தொட்டபோது தருமபுரி 68.5இல் நின்றது, மாநிலத்திலேயே கடைசி. அந்தக் கணக்கில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. வேண்டும். எண் அப்பாவுடையது. அப்பா பெங்களூருவில் ஏதோ ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். அவள் அழைத்து, “அப்பா, ஒரு செய்தி வந்திருக்கும், அதில் ஆறு எண் இருக்கும், படியுங்கள்” என்றாள். அவர் எண்ணைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது முறை, பழைய செய்தியைப் படித்துவிட்டார். மூன்றாவது முறை, பக்கத்தில் வேலை செய்த ஒரு வடநாட்டுப் பையனிடம் கைபேசியைக் கொடுத்து இந்தியில் படிக்க வைத்தார். இங்கே எனக்கும் இந்தி தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான்காவது முறைதான் நடந்தது. அவளுடைய மின்னஞ்சலை உருவாக்கியதும் அன்றுதான். நீல நோட்டில் அவள் பெயருக்கு எதிரே என் எண் ஏறியது அப்படித்தான்.

பொறியியல் கலந்தாய்வுக்கு என்று வாங்கிய சான்றிதழ், கடைசியில் அவள் சேர்ந்தது கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ். முதல் வருடம் முழுக்கக் கைபேசியில்தான் வகுப்பு. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. என்று இலவச டேட்டா அட்டை கொடுத்தது. அட்டை வந்தது, சிக்னல் வரவில்லை. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் ஒரு கோடு வரும் என்று சொல்வாள்.

மூன்றாம் வருடம் அவளுக்கு ஒரு கருத்தரங்க உரை. திரையில் காட்ட எட்டுப் பக்கம் தயாரிக்க வேண்டும். கையால் எழுதிக்கொண்டு வந்தாள், நான் தட்டச்சு செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் மாலை வந்து ஓரமாக நின்றாள். கூட்டம் போகும்வரை பேசவில்லை. பிறகு, “நான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டேன் அக்கா” என்றாள். கல்லூரிக் கணினியில் திறந்தபோது தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லையாம். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்ததாம். பின் வரிசையில் யாரோ சிரித்திருக்கிறார்கள். கையெழுத்துப் பிரதியைக்கூட எடுத்துப் படிக்கத் தோன்றாமல் இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் எதையும் தப்பாக அழுத்தவில்லை. தப்பு என்னுடையது. நான் அடித்தது பாமினியில். பழைய டி.டி.பி. ஆட்களுக்கு அதுதான் கை பழகியது. பாமினி மாதிரியான எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருக்கும். எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். ஒருங்குறி என்கிற யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த எண் உண்டு, எங்கே போனாலும் தமிழாகவே இருக்கும். தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. நான்தான் சோம்பேறித்தனத்தில் மாறவில்லை.

இதை அவளுக்கு விளக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கேட்டுக்கொண்டிருந்தவள், “அப்படியென்றால் அது என்னால் இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். அதற்கு முன் எத்தனை பிள்ளைகள் இதேபோல் இறங்கி வந்து, காரணம் தெரியாமல், ‘எனக்குக் கணினி வராது’ என்று முடிவுகட்டி வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று எனக்கு அன்று உறைத்தது. காரணம் தெரிந்தால் கோளாறு கணினியுடையது, தெரியாவிட்டால் கோளாறு தன்னுடையது. நகரத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வீட்டில் ஓர் அண்ணன் இருப்பான். இவளுக்கு வீட்டில் யாரும் இல்லை.

அடுத்த வாரம், “நான் தட்டச்சு கற்றுக்கொள்ளட்டுமா?” என்று வந்தாள். கல்லூரி விட்டுப் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும், அந்த நேரம் இரண்டாம் எண் கணினி காலியாகத்தான் இருக்கும். தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக் கொடுத்தேன், அதாவது அவளோடு சேர்ந்து நானும் கற்றேன். இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். முப்பத்தொரு விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. ‘ம’வை இரண்டு முறை தட்டினால் முதல் ‘ம’ தானாகப் புள்ளி வைத்துக்கொள்ளும். ‘ந’வுக்குப் பின் ‘த’ வந்தால் ‘ந்த’ என்று தானே ஆகிவிடும். இலக்கணத்தில் இன எழுத்து என்று படித்தவள், அது விரலுக்கடியில் நடப்பதைப் பார்த்துக் கடையில் எல்லோரும் திரும்பும்படி சிரித்தாள். தமிழ் படித்ததற்கு ஒரு பயன் உண்டு என்று யாரோ அவளிடம் முதல்முறையாகச் சொன்ன மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதியதாக, வினாத்தாள் கொண்டுவந்த அந்த ஆய்வாளரின் ஆய்வேட்டில் அடித்திருக்கிறேன். தன்திறன் நம்பிக்கை நான்கு வழியில் வருகிறது என்கிறார்: தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலும் மனமும் அப்போது இருக்கிற நிலை. இதில் முதலாவதற்குத்தான் வலு அதிகம். எங்கள் பக்கத்தில் மூன்றாவதுதான் மலிவாகக் கிடைக்கிறது. ஊக்கப் பேச்சாளரைக் கூப்பிட்டு, மாணவர்களை வெயிலில் உட்கார வைத்து, ‘உன்னால் முடியும்’ என்று இரண்டு மணி நேரம் சொல்ல வைப்பார்கள். அந்த விழாவின் அழைப்பிதழையும் நான்தான் அச்சடிக்கிறேன், எனக்குக் குறையில்லை.

கருவியைக் கொடுத்துவிட்டால் போதுமா என்றால், அதற்கு எங்கள் மண்ணிலேயே பழைய பதில் இருக்கிறது. தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அந்தத் தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது போனார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். பீலி அணிந்து, மாலை சூட்டி, எண்ணெய் பூசி, காவல் போட்ட மாளிகையில் பளபளப்பாக இருக்கின்றன இவை. எங்கள் அதியனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொன்னதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15 அன்று. அதற்கடுத்த வருடங்களில் பாலக்கோடு பக்கம் என் சொந்தக்காரர் வீட்டில் ஆயுத பூஜைக்குப் போயிருந்தேன். கதிர் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பக்கத்தில் மடிக்கணினி, மூடியில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. விசைப்பலகை மேல் ஒட்டியிருந்த பாலித்தீன் தாள் அப்படியே இருந்தது. “தொட்டால் கெட்டுப்போகும் என்று பீரோவில் வைத்திருக்கிறோம்” என்றார் அத்தை. ஔவை வந்திருந்தால் இன்னொரு பாட்டுப் பாடியிருப்பார்.

கருவி வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி 2017-18இல் இந்தியக் கிராமங்களில் கணினி இருந்த வீடு நூற்றுக்கு நான்கு சொச்சம்தான். அரசு கொடுக்காவிட்டால் அத்தை வீட்டில் பூஜைக்குக்கூட இருந்திருக்காது. மறுபடியும், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவி தருவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் கூடவே கொல்லன் பட்டறையும் வேண்டும். கெடுத்துப் பார்க்கவும், கெட்டதைச் சரிசெய்து பார்க்கவும் ஓர் இடம். பள்ளிகளில் கணினிக்கு நிறையச் செலவிட்ட நாடுகளில் வாசிப்பிலும் கணக்கிலும் அறிவியலிலும் சொல்லும்படியான முன்னேற்றம் தெரியவில்லை என்று வளர்ந்த நாடுகள் பலவற்றின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2015இல் அறிக்கை வெளியிட்டதும் ஏறக்குறைய இதையொட்டித்தான்.

மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். கணினி தெரிந்தால் மதிப்பெண் கூடுமா? நான் பார்த்தவரை நேராகக் கூடுவதில்லை. எங்கள் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் 75 மதிப்பெண் பேனாவால் எழுதுகிற தேர்வுக்கு. அதில் எந்த மென்பொருளும் உதவாது. நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, ஒரு விண்ணப்பத்தில் தன் பெயரை அடிக்கக் கை நடுங்குகிற பிள்ளைகள் உண்டு. மறுபக்கம், உதவித்தொகைக் கடைசி நாளைத் தானே பார்த்துக்கொள்கிறவள், பழைய வினாத்தாளைத் தானே தேடி இறக்கிக்கொள்கிறவள், ஆசிரியருக்கு மின்னஞ்சலில் சந்தேகம் கேட்கிறவள், இவர்களுக்கு மாதத்தில் இரண்டு மூன்று நாள் மிச்சமாகிறது. என் கடையில் வரிசையில் நிற்காத நாள்கள் அவை. அந்த நாள்களில் அவர்கள் படிக்கிறார்கள். இந்தக் கணக்கு எந்த வினாத்தாளிலும் இல்லை.

அவள் எம்.ஏ.வும் இங்கேயே சேர்ந்தாள். ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது தன் ஊர்ப் பக்கத்து ஒப்பாரிப் பாடல்கள். பாட்டிகளிடம் கைபேசியில் பதிவு செய்து, தானே கேட்டு, தானே தட்டச்சு செய்தாள். 2025 தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் முதல் இயலிலிருந்து 1, 2 என்றும் பக்க எண் போட வேண்டும் என்றாள். அது ஒரே கோப்பில் வராது, இரண்டு கோப்பாகப் பிரித்துத்தான் போட வேண்டும் என்று பதினெட்டு வருட அனுபவத்தில் சொன்னேன். “ஏன் வராது?” என்றாள். நான் பைண்டிங் போடப் போய்விட்டேன். இரண்டு முறை எண்கள் எல்லாம் அழிந்தன, ஒரு முறை எல்லாப் பக்கமும் ஒன்று என்றே வந்தது. அழைப்பாள் என்று எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழைக்கவில்லை. கடைசிப் பேருந்துக்கு முன், “அக்கா, இங்கே வந்து பாருங்கள்” என்றாள். இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ‘செக்‌ஷன் பிரேக்’ என்கிற ஒரு முறிப்பைப் போட்டு, இரண்டாம் பகுதியை முந்தையதிலிருந்து கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். நான் பதினெட்டு வருடமாக இரண்டு கோப்பு போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கடைக்கு வரும்போது அவள் நிற்கிற இடம் மாறிவிட்டது. ஓரத்தில் நிற்பதில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் வந்து, “என் மின்னஞ்சலில் மீட்பு எண்ணாக உங்கள் எண் இருக்கிறது, மாற்ற வேண்டும்” என்றாள். என் கைபேசிக்கு வந்த குறியீட்டைப் படித்தேன், மாற்றினாள், கடவுச்சொல்லையும் மாற்றினாள். பிறகு நோட்டைக் கேட்டாள். இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். 2020இன் பக்கத்தைத் தேடிப் பிடித்து, தன் பெயர் இருந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தாள், படிக்க முடியாதபடி திரும்பத் திரும்ப. அந்தப் பக்கத்தில் மீதி இருந்த பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “இதில் மூன்று பேர் எங்கள் ஊர்” என்றாள்.

சனிக்கிழமை அந்த மூன்று பேரையும் அழைத்து வந்தாள். இரண்டாம் எண் கணினியில் அவள் உட்காரவில்லை, பின்னால் நின்றுகொண்டாள். அரை மணி நேரம் ஆனது. நான் பிரவுசிங்குக்கு மட்டும் 20 ரூபாய் வாங்கிக்கொண்டேன்.